இரண்டாவது குழல்

நற்பிட்டிமுனையின் மேற்கு ஓரத்தில் நின்று கிட்டங்கிப் பக்கமாகப் பார்ப்பவர்க்குக் கடல் நினைவுக்கு வராது. கல்முனைக் கரையும் மீன் வாடிகளும் முதுகுப்புறத்தே நின்றுவிடும். கண்முன்னே விரிவன நீரும் நெல்லுமே. மாரிப் போகத்துப் பயிர் முழங்காலளவு வளர்ந்திருக்கும் வேளையில், வைகறைப் பொழுதில் வரம்பு வழியே நடந்தால், காலடியிலிருந்து உள்ளான் ஒன்று கரகரத்த ஒலியுடன் எழும். நேராகப் பறவாமல், இடமும் வலமுமாக வளைந்து வளைந்து சென்று மறையும். ஊசிவால் உள்ளான் எனப்படும் அப்பறவை, சைபீரியாவின் சதுப்பு நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டுப் புரட்டாதி, ஐப்பசியில் நம் வயல்களை நாடி வருவது. சித்திரை அளவில் திரும்பிவிடுவது.

வயலைக் கடந்து மேற்கே மேட்டுநிலத்திற்குச் சென்றால் பறவைகள் வேறு. சேனையின் ஓரப் பற்றைகளிற் காடை. சற்று அப்பால், காடு தொடங்குமிடத்தில் காட்டுக்கோழி. இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் எழுந்து, அடுத்த இமைப்பிற்குள் மறைபவை. இவற்றைச் சுடுவதற்கென்றே ஒரு துவக்கு உருவாயிற்று. பக்கத்திற்குப் பக்கமாக அமைந்த இரு குழல்கள், நடுவே மடிந்து திறக்கும் பொறி, மூன்று கிலோவிற்கும் குறைந்த எடை. இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது அத்துவக்கின் வரலாற்றை. அதனிலும் மேலாக, அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவர் கையில் இருந்தது என்பதை. சமுதாயத்தைப் பற்றிப் பேசும் ஏட்டில் வேட்டைத் துவக்கிற்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஏரைப் பற்றியும் வலையைப் பற்றியும் எழுதினால் எவரும் முகஞ்சுளிப்பதில்லை. துவக்கும் இப்பகுதி உழவனின் கருவிகளுள் ஒன்றாகவே நெடுங்காலம் இருந்தது.

துவக்கு என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பர். ஈழத்தவர் துவக்கு என்பர். இரண்டும் துருக்கிய மொழி வழி வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்களே. கருவி கடல் கடந்து வந்தபோது பெயரையும் கூட்டி வந்தது. ஆனால், வந்த கருவியை நம் நாட்டார் வாங்கிப் பயன்படுத்தியதோடு நின்றுவிடவில்லை. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் இறங்கி நூறாண்டு முடிவதற்கு முன்னரே, இங்குள்ள கொல்லர் வார்த்த குழல்கள் எங்குமுள்ளவற்றினும் சிறந்தவை என்று ஒல்லாந்துப் பயணியான லின்ஸ்கோட்டன் எழுதிவைத்தார். கண்டி நாட்டுக் கொல்லன் செய்த நெடுங்குழல் துவக்குகளை இன்று அரும்பொருட்சாலைகளிற் காணலாம். பிடங்கில் யானைத் தந்தமும் வெள்ளியும் பதித்த வேலைப்பாடு கண்ணைக் கவரும். 1815ஆம் ஆண்டிற் கண்டி வீழ்ந்தது. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா, வெல்லசைப் பகுதிகளில் எழுந்த கிளர்ச்சியும் அடக்கப்பட்டது. அதன்பின் மக்கள் கையிலிருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. துவக்குச் செய்யும் கலை அத்தோடு தேயத் தொடங்கிற்று. பின்னர் நம் கொல்லன் செய்தது பழைய குழாயும் மரக்கட்டையும் சேர்த்த நாட்டுத் துவக்கே. கலைஞனாக இருந்தவன் கள்ளத்தனமாகச் செய்பவனாக ஆக்கப்பட்டான்.

அடுத்து வந்தவர் வெள்ளைக்கார வேட்டையாடிகள். இவர்களின் பெருமை யானையைக் கொன்ற எண்ணிக்கையில் இருந்தது. மேஜர் ரோஜர்ஸ் என்பவர் ஆயிரத்திற்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுவிட்டு, 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். யானையைக் கொல்வோர்க்கு அரசே தலைக்குச் சில சிலிங் பரிசு கொடுத்த காலம் அது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் 3,500 யானைகளுக்கு மேல் அழிக்கப்பட்டன என்று எமர்சன் டெனன்ட் கணக்குத் தருகிறார்.

இவர்களுள் நம் பொருளுக்கு மிக வேண்டியவர் சாமுவேல் பேக்கர். நுவரெலியாவிற் குடியேறி, மட்டக்களப்பிற்குச் செல்லும் வழியிலுள்ள புல்வெளிக் காடுகள்வரை வந்து வேட்டையாடியவர். தம் வேட்டை அனுபவங்களை நூலாக எழுதியவர். அவருடைய துவக்குகளில் ஒன்று நான்கு அவுன்ஸ் குண்டைச் சுடுவது. எடை 21 இறாத்தல். ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ! இத்துணைப் பாரத்தை ஒரு மனிதர் எப்படிக் காடு முழுதும் சுமந்தார் என்று வியக்கவேண்டியதில்லை. அவர் சுமக்கவில்லை. சுமந்தவர் இந்நாட்டுக் கூலியாட்கள். யானையின் முன் நிற்கும் கணத்தில் மட்டுமே துவக்கு துரையின் கைக்கு வரும். சுட்டு முடிந்ததும் திரும்ப அவர்கள் தோளுக்குப் போகும். அந்தத் தோள்களுக்கு உரியவரின் பெயர்கள் நூல்களிற் பெரும்பாலும் இல்லை.

பறவை வேட்டையில் இந்த ஏற்பாடு செல்லாது. உள்ளான் எழுவதற்கு முன் அறிவித்துவிட்டு எழுவதில்லை. துவக்கைக் கூலியாளிடம் கொடுத்துவிட்டு நடப்பவன் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவான். காலை முழுதும் துவக்கைத் தன் கையிலேயே ஏந்தி நடக்கவேண்டும். பாரம் தன் தோளுக்கு வந்தபோதுதான் துரைமாருக்குப் பாரத்தைப் பற்றிய ஞானம் பிறந்தது என்று சொன்னால் அது குறும்பாகத் தோன்றலாம். ஆயினும் இலேசான இரட்டைக்குழல் துவக்கின் வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் இவ்வகைத் துவக்கை அருமையான கருவியாக வளர்த்தெடுத்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. பின்புறம் திறந்து தோட்டா இடும் முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது. 1875இல் அங்குள்ள வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் தொழிற்சாலையில் வேலைபார்த்த ஆன்சன், டீலி என்ற இருவர், வெளியே நீட்டிக்கொண்டிருந்த குதிரைகளை ஒழித்து, குழலை மடிக்கும்போதே பொறி தானாக ஏறும் எளிய அமைப்பைக் கண்டனர். இன்றுவரை உலகில் விற்கும் பக்கக்குழல் துவக்குகளிற் பெரும்பாலானவை அவ்வமைப்பின் வழிவந்தவையே.

எடையைப் பற்றி கிரீனர் என்ற துவக்குத் தொழிலாளர் 1881இல் வெளியிட்ட நூல் பெயர்பெற்றது. ஒரு தோட்டாவிலுள்ள ஈயச் சன்னத்தின் எடையைப் போலத் தொண்ணூற்றாறு மடங்கு துவக்கு இருக்கவேண்டும் என்பது அவர் பெயரால் வழங்கும் கணக்கு. ஓர் அவுன்ஸ் சன்னத்திற்கு ஆறு இறாத்தல் துவக்கு. அதனினும் குறைந்தால் உதை தோளைப் புண்ணாக்கும். கூடினால் கை சோரும். 20 போர்த் துவக்கிற்கு முக்கால் அவுன்சுக்குச் சற்று மேற்பட்ட சன்னம் போதுமாதலால் ஐந்தேகால் இறாத்தலில் அதனை முடித்துவிடலாம். போர் என்பது என்ன? ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று சரியாக நுழையும் குழல் 12 போர். இருபதாக வார்த்தால் 20 போர். எண் பெருகக் குழல் சிறுக்கும் விந்தை இதனால் வந்தது.

இலேசு என்பதே நலம் என்று எண்ணி வாங்குவோர் ஏமாறுவர். மிக இலேசான துவக்கு கையிலே துள்ளும்; பறவையைத் தொடர்ந்து சீராக வீசி வராது; ஊசலாடி நின்றுவிடும். எடை எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது எங்கே நிற்கிறது என்பதே முதன்மையானது. மடிப்பு ஆணியின் அருகே பாரம் நின்றால் துவக்கு கையில் உயிரோடிருப்பது போலத் தோன்றும். பிடங்கின் நீளம் மற்றொன்று. ஆங்கிலேயன் கைக்கு அளந்த பிடங்கு நம்மவர் கைக்குப் பெரும்பாலும் நீளம். தோளுக்கு ஏற்றும்போது சட்டையில் தட்டும், அதற்குள் பறவை போய்விடும். நாம் அறிந்த போடியார் ஒருவர், முதுமையிலே, துவக்கு வாங்கும் முறை பற்றி இளைஞர் ஒருவருக்குக் கூறியது இன்றும் நம் காதில் இருக்கிறது: "காசப் பாக்காத மனே, தோளில வெச்சிப் பாரு. கண்ண மூடித் தூக்கு, தொறந்து பாரு. குழல் நீ பாக்கிற எடத்தப் பாத்தா அது ஒன்ட துவக்கு." பர்மிங்காம் நூல்கள் பல பக்கங்களில் விளக்கியிருப்பதை அவர் ஒரு மூச்சிற் சொல்லிவிட்டார்.

குழல்வாயின் ஒடுக்கம் என்ற ஒன்றுண்டு. வாய் ஒடுங்காத குழல், நாற்பது யார் தூரத்தில் முப்பது அங்குல வட்டத்திற்குள் நூற்றுக்கு நாற்பது சன்னங்களைப் போடும். முற்றும் ஒடுங்கியது எழுபதைப் போடும். இரு குழல்களிலும் ஒடுக்கத்தை வேறுபடுத்தி, விசைகளையும் இரண்டாக வைத்ததுதான் இவ்வகைத் துவக்கின் நுட்பம். அருகில் எழும் பறவைக்கு விரிந்த குழல். தப்பித் தூரம் போய்விட்டால் ஒடுங்கிய குழல். உள்ளானுக்கு எட்டாம் எண் சன்னம். ஓர் அவுன்சில் 450 இருக்கும். காட்டுக்கோழிக்கு ஆறாம் எண். ஓர் அவுன்சில் 270. உப்புக்காற்று வீசும் கரையோரத்திற் குழலை அன்றே துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் மறுநாளே துரு பிடிக்கும். காகிதத் தோட்டா மாரி ஈரத்தில் ஊதி, குழலுக்குள் நுழையாது. பழைய டமாஸ்கஸ் முறுக்குக் குழல் அழகாயிருக்கும். கரிமருந்துக்கென அமைந்த அதில் புகையில்லா மருந்தின் தோட்டாவை இட்டுக் கையிழந்தோர் உலகெங்கும் உண்டு.

முஸ்லிம் ஊர்களில் இத்தேர்வுக்கு மேலும் ஒரு நியாயம் இருந்தது. ஷாபி மத்ஹபின் மரபான கருத்துப்படி, கூர்மையால் அன்றி அடியின் வேகத்தால் செத்த வேட்டை ஆகுமானதன்று. சன்னம் பட்டு விழுந்த பறவை உயிரோடிருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுத்தாக வேண்டும். ஆகவே, இங்குள்ள வேட்டைக்காரன் விரும்பியது பறவையைக் கிழித்தெறியும் துவக்கை அன்று. சிறகை முறித்து வீழ்த்தும் துவக்கை. அளவான மருந்து, விரிந்த குழல், கத்தியோடு முன்னே ஓடும் ஒரு பையன். சேற்றிலே விழுந்து எழுந்து அந்தப் பையன் ஓடிய ஓட்டத்தைப் பொறுத்தே அன்றைய கறி. அயலிலுள்ள தமிழ்க் குடிகளுக்கு இந்த அவசரம் இல்லை. ஒரே வட்டையில், ஒரே வகைத் துவக்கை இருசாராரும் இரு வேறு கணக்கோடு ஏந்தினர்.

இனி நாம் கேட்கவேண்டிய கேள்விக்கு வருவோம். இத்துணை நுட்பமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட துவக்கு எவருடைய சுவரில் தொங்கிற்று? தோட்டத் துரை, அரசாங்க அதிகாரி, அவர்களைப் பார்த்துப் பழகிய வழக்கறிஞர், டாக்டர், பெரிய போடியார். அறுவடைக் காலத்தில் மூன்று மாதமும் பரணில் உறங்காமற் கிடந்து போடியாரின் வயலைக் காத்த முல்லைக்காரனின் கையில் இருந்தது என்ன? வாய்வழி மருந்திடும் ஒற்றைக்குழல். பல வேளைகளில் அதுவும் அவனுடையதன்று.

அவனுக்கு எதிரே வந்தது உள்ளான் அன்று, பன்றியும் யானையும். வாய்வழித் துவக்கில் ஒரு வெடி தீர்ந்தால், மருந்தை அளந்து கொட்டி, தேங்காய்த் தும்பை இட்டு இடித்து, சன்னத்தைப் போட்டு, மீண்டும் தும்பு இடித்து, கேப்பு வைக்கவேண்டும். பகலிலே பழகிய கைக்கே ஒரு நிமிடத்திற்குக் குறையாது. மழையிருட்டிலே, காயம்பட்ட பன்றி சேற்றைச் சீறிக்கொண்டு வரும்போது அந்த ஒரு நிமிடம் எங்கே கிடைக்கும்? பறவை வேட்டையாடிக்கு இரண்டாவது குழல் இரண்டாவது பறவை. காவற்காரனுக்கோ அது உயிர். அவனுக்குத்தான் அது கிடைக்கவில்லை.

அவன் முன் நின்ற மற்றொரு வழி கட்டுத்துவக்கு. விலங்கு நடக்கும் தடத்திற் கயிற்றைக் கட்டி, அதிற் கால் பட்டால் வெடிக்கும்படி வைப்பது. பரணில் விழித்திருக்கவேண்டியதில்லை. ஆனால், கயிற்றுக்குப் பன்றியின் காலும் மனிதனின் காலும் ஒன்றே. விறகு பொறுக்கச் சென்றவரும் மாடு தேடிச் சென்றவரும் அதிற் சிக்கிக் காலிழந்த செய்திகள் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. இதைக் கொடுமை என்று கண்டிக்கிறோம். கண்டிக்கும்போது, அதனைக் கட்டியவன் எந்தத் தேர்வுகளுக்கிடையே அதைத் தேர்ந்தான் என்பதையும் நினைக்கிறோம்.

சட்டம் என்ன செய்தது? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசுடைமை என்று கொண்டது. 1909இன் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் எவ்விலங்கை, எப்பருவத்தில், எந்த அனுமதியோடு சுடலாம் என்று விதித்தன. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிச் சட்டம் துவக்கு வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றது. ஏட்டிலே இச்சட்டங்கள் எல்லோர்க்கும் பொதுவானவை. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்க்கும், கச்சேரிக்குப் போய்வர இயன்றவர்க்கும், விதானையாரின் நற்சொல் கிடைத்தவர்க்கும் அவை எளியன. ஏனையோர்க்கு அப்படியில்லை. ஒருவர் அனுமதியோடு சுட்டால் அது விளையாட்டு என்று பெயர் பெற்றது. மற்றவர் பசிக்குச் சுட்டால் களவு வேட்டை ஆயிற்று. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தவர்களே வேட்டையாடிகள்தாம். அவர்களின் முயற்சியினாற் பல உயிர்கள் பிழைத்தன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ளவேண்டும். கிராமத்தவனைத் தம் விலங்குகளின் பகைவன் என்று நோக்கிய மனப்பான்மையும் அவர்களிடம் இருந்தது.

அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப், பதவியிலிருந்து நீங்கியபின் 1913இல் ஒரு நாவலை வெளியிட்டார். காட்டுக் கிராமத்து வேட்டைக்காரனான சிலிந்து, தலைமைக்காரனின் கொடுமை தாங்காமல், விலங்குகளுக்கு எதிரே தூக்கிய துவக்கை ஈற்றில் அத்தலைமைக்காரனுக்கு எதிரே தூக்குவதை அதிற் காணலாம். அனுமதிகளை வழங்கும் நாற்காலியில் இருந்த ஒருவரே இதை எழுதினார் என்பது கருதத்தக்கது.

சுதந்திரத்தின் பின் நம் பகுதியின் நிலம் மாறிற்று. 1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்து அணை எழுந்தது. யானைகள் திரிந்த பெருங்காடு நீருக்கடியிலும் குடியேற்றங்களுக்குள்ளும் மறைந்தது. 1954இல் அங்கே தேசிய வனமும் வகுக்கப்பட்டது. சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து வயல்களுக்கு இருபோக நீர் வந்தது உண்மை. காட்டை இழந்த விலங்கு வயலுக்கு வந்ததும் உண்மை. பரணில் இருந்தவனின் இரவுகள் நீண்டன.

பின்னர் வந்த காலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். போர் தொடங்கிய எண்பதுகளில் வடகிழக்கில் அனுமதி பெற்ற துவக்குகள் பல அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. சில ஆயுதக் குழுக்களின் கைக்குப் போயின. நாம் முன்னே கூறிய போடியாரின் இரட்டைக்குழலும் அவ்வாறே ஒப்படைக்கப்பட்டு, ஒரு துண்டுச் சீட்டாக வீடு திரும்பிற்று. சீட்டு இப்போதும் இருக்கிறது. 1990ஐ ஒட்டி ஊர்காவற்படையினர்க்கென்று துவக்குகள் வந்தன. பன்றிக்கும் பறவைக்கும் என்று அமைந்த 12 போர், தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி வாழ்ந்த ஊர்களில் மனிதருக்கு எதிரே திரும்பிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வீரமுனைக் கோயிலிலும் சிந்திய இரத்தத்தை எந்தச் சாராரின் எழுத்தாளரும் தம் சாராரின் கண்ணீராக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. ஒரே வட்டையில் விதைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒருவர் வயலுக்கு ஒருவர் போக அஞ்சினர். பல வயல்கள் தரிசாகக் கிடந்தன.

2009இற் போர் முடிந்தது. வயல்கள் மீண்டன, உள்ளானும் வருகிறது. காட்டுக்கோழி இன்று நாட்டின் தேசியப் பறவை; அதனைச் சுடுதல் குற்றம். இது சரியென்றே நாம் கொள்கிறோம். சுடப்பட்ட பறவையைப் பற்றியன்றிச் சுடப்படாத பறவையைப் பற்றியும் இக்காலம் கற்றிருக்கிறது. சதுப்பு நிலத்தில் விழுந்த ஈயச் சன்னத்தைக் கல்லென்று எண்ணி விழுங்கும் நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை அமெரிக்கா 1991இல் முற்றாகத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஈரநிலங்களில் 2023இல் தடுத்தது. நம் வயல்களின் சேற்றிலும் நூறாண்டுச் சன்னம் கிடக்கத்தான் செய்யும்.

பறவை வேட்டையாடியின் துவக்கு இவ்வாறு வரலாறாகிவிட்டது. காவற்காரனின் தேவை வரலாறாகவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் மாண்டன; நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர் யானைகளால் மாண்டனர். மின்வேலி சில இடங்களில் உண்டு, சில இடங்களில் அறுந்து கிடக்கிறது. வனவிலங்குத் திணைக்களம் வழங்கும் யானைவெடியே பல பரண்களில் இறுதி ஆயுதம்.

சென்ற மாரியில் கிட்டங்கிக்கு அப்பால் ஒரு பரணில் ஓர் இரவு தங்கினோம். காவலிருந்த முதியவர் இரண்டு யானைவெடிகளைப் பொலித்தீனிற் சுற்றி மடியில் வைத்திருந்தார். அவிழ்த்துக் காட்டினார். ஒன்று நன்றாயிருந்தது. மற்றதன் திரி நனைந்து கறுத்திருந்தது.

"ஒண்டு போதுமா?" என்று கேட்டோம்.

"மத்தத அடுப்படியில வெச்சிக் காய வெக்கணும், மனே," என்றார் அவர். பிறகு இருட்டின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.